லீவுல போயிருக்காங்க

டீச்சரம்மாவின் பின்னந்தலையில் சிக்குப் பிடித்துத் திரண்டிருந்த முடியை நான்தான் வெட்டி எடுத்தேன். உள்ளங்கை அளவு இருந்தது. எண்ணெய் விட்டு, விரலால் இழை இழையாகப் பிரித்துப் பார்த்து, முக்கால் மணி நேரம் ஆகியும் முடியாமல்தான் கத்தரிக்கோலை எடுத்தேன். அடியில் தோல் வியர்வையில் ஊறி வெளுத்து, ஓரங்களில் சிவந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும். டீச்சரம்மா அழவில்லை. கண்ணாடி கேட்கவில்லை. "அவ வந்தா என்னைத்தான் திட்டுவா, ஏன் வெட்ட விட்டீங்கன்னு" என்றார்.

"அவ" வரப்போவதில்லை. நான்கு வருடம் தினமும் காலையில் டீச்சரம்மாவுக்குத் தலை பின்னிவிட்ட எங்கள் முதியோர் இல்லத்து அட்டெண்டர் அவள். வேலையை விட்டுப் போய் அன்றோடு 41 நாள் ஆகியிருந்தது. டீச்சரம்மா கேட்டபோதெல்லாம் "லீவுல போயிருக்காம்மா, வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தது நான். லீவில் போனவள் எப்படியும் வந்துவிடுவாள் என்று நம்பித்தான் அவர் வேறு யாரையும் தலையில் சீப்பு வைக்க விடவில்லை. குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்ற விடுவார், அவ்வளவுதான். பக்கவாதத்தால் வலது கை பின்னால் போகாது. இடது கையால் முன் முடியை மட்டும் ஒதுக்கிக்கொண்டு ஒரு துணியைத் தலையில் சுற்றிக்கொள்வார். "வேண்டாங்கிறாங்க சிஸ்டர்" என்று டியூட்டிப் பிள்ளைகள் கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். துணிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று 41 நாள் நான் பார்க்கவில்லை.

இந்த இல்லத்தில் நான் சேர்ந்து 14 வருடம் ஆகிறது. இன்சார்ஜ் சிஸ்டராகி ஆறு வருடம். 46 படுக்கைகள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தாமாக எழுந்து நடக்க முடியாதவர்கள். பகல் டியூட்டியில் ஒன்பது பேர், இரவில் நான்கு பேர். போன வருடம் மட்டும் ஏழு பேர் வேலையை விட்டார்கள். போனவர்கள் யார் மீதும் எனக்கு வருத்தமில்லை. ஒருத்திக்கு இடுப்பு வலி தாங்கவில்லை. ஒருத்திக்கு இரவு டியூட்டியும் கைக்குழந்தையும் சேர்ந்து வரவில்லை. இரண்டு பேருக்கு வேறு இடத்தில் கூடுதல் சம்பளம். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒரு உடம்பைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த வேலையில் பத்து வருடம் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. படுக்கையிலேயே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்படி ஒன்பது பேர் என்றால் நாள் முழுக்க நூறு தடவைக்கும் மேல்.

ஆகவே ஆட்கள் போவது நிற்காது. நான் எழுத வந்தது, போகிறவர்களை நாங்கள் எப்படிப் போகவிடுகிறோம் என்பதைப் பற்றி.

"லீவுல போயிருக்காங்க" என்பதைப் பொய் என்று நான் நினைத்ததே கிடையாது. எனக்கு முன்னால் இன்சார்ஜாக இருந்தவர் சொல்லிக்கொடுத்த வழி அது. வயதானவர்கள் மனசு நொந்துபோவார்கள், சாப்பாடு இறங்காது, வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு அழுவார்கள், வீட்டுக்காரர்கள் நிர்வாகத்துக்குப் போன் போடுவார்கள். லீவு என்று சொல்லிவிட்டால் இரண்டு வாரத்தில் கேட்பதை விட்டுவிடுவார்கள். உண்மைதான், பெரும்பாலானவர்கள் கேட்பதை விட்டுவிடுகிறார்கள். அதை நாங்கள் மறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டோம்.

போகிற பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லிவைத்தோம். கடைசி நாளன்று யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம், வழக்கம்போல "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடு. நம் பேச்சில் "போறேன்" என்று யாரும் சொல்வதில்லையே. தினமும் டியூட்டி முடிந்து "போயிட்டு வரேன்மா" என்று கையைத் தொட்டுவிட்டுப் போன பிள்ளை, கடைசி நாளும் அதையே சொல்லிவிட்டுப் போகும். படுக்கையில் இருப்பவர் "சரிம்மா, பாத்துப் போ" என்பார். எனக்கு அது சுமுகமாக முடிந்த விஷயமாகத் தெரிந்தது.

நுழைவாயிலில் ஊழியர்களின் போட்டோக்கள் ஒட்டிய பலகை ஒன்று இருக்கிறது. யாராவது வேலையை விட்டால் அன்று மாலையே அந்தப் போட்டோவை எடுத்துவிடுவோம். பசை காய்ந்த ஒரு சதுரம் மட்டும் மிஞ்சும். சக்கர நாற்காலியில் காற்றாட வரும் ஒரு பாட்டி ஒரு நாள் அந்தச் சதுரத்தின் மேல் விரலை வைத்து, "இதுல யாரு இருந்தாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

டீச்சரம்மாவின் முடியை வெட்டிய அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த தாள்கள் பையிலேயே கிடந்தன. அதில் ஒரு ஆய்வு. 1976-ல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்தது. கல்லூரி மாணவர்கள் இரண்டு மாதம் அங்கே போய் முதியவர்களோடு பேசிவிட்டு வந்தார்கள். சிலருக்கு, மாணவர் எப்போது வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்யலாம். சிலருக்கு, எப்போது வருவார் என்று முன்கூட்டியே தகவல் வரும். சிலரிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார்கள். சிலரிடம் யாருமே போகவில்லை. இரண்டு மாத முடிவில், வருகை தங்கள் கையில் இருந்தவர்களும் முன்பே தெரிந்தவர்களும் மற்ற இரு பிரிவினரைவிடத் தெம்பாக இருந்தார்கள்.

வகுப்பில் இதுவரைதான் பேசினோம். தாளின் அடுத்த பக்கத்தை நான் அன்றுதான் படித்தேன். ஆய்வு முடிந்ததும் மாணவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். 1978-ல் ஷுல்ஸும் பார்பரா ஹனுசாவும் அந்த முதியவர்களைப் பற்றி மறுபடி எழுதினார்கள். முன்பு தெம்பாக இருந்த அதே இரண்டு பிரிவினர்தான் உடம்பிலும் உற்சாகத்திலும் அதிகமாகச் சரிந்திருந்தார்கள். யாரும் வராதவர்கள் அப்படிச் சரியவில்லை. அதாவது, ஒருவரைக் கொடுத்துப் பழக்கிவிட்டு எடுத்துக்கொண்டது, கொடுக்காமலே இருந்ததைவிட மோசமாக முடிந்தது. சிறிய ஆய்வுதான். அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்ட முடியாது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் போட்டோ பலகைதான்.

மறதி நோய் உள்ளவர்களிடம் பிரச்சினையே இல்லை, அவர்களுக்கு யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று எதுவும் தெரியாது என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கணக்கய்யாவை அவர்கள் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவர். இப்போது மகனின் பெயரும் தெரியாது. அவரைக் கவனித்துக்கொண்ட பையன் எப்போதும் மதியம் இரண்டு மணி ஷிஃப்டுக்கு வருவான். அவன் வேலையை விட்ட பிறகு மூன்று வாரம், தினமும் இரண்டு மணி வாக்கில் கணக்கய்யா வாசல் கதவருகே போய் நின்றார். "யாருக்காக நிக்கிறீங்க அய்யா?" என்றால் விழிப்பார். அவருக்கே தெரியாது. கையை மட்டும் கதவின் கைப்பிடியிலிருந்து எடுக்க மாட்டார். சாயங்காலம் ஆக ஆகப் பதற்றம் கூடும். சூரியன் சாயும் நேரத்தில் மறதி நோயாளிகளுக்கு வருகிற வழக்கமான பதற்றம் என்று அதையும் கேஸ் ஷீட்டில் எழுதி, டாக்டரிடம் மாத்திரை அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்டோம். ஒரு மனிதனைத் தேடுகிற மனசுக்கு மாத்திரையைக் கூட்டினோம். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அல்சைமர் நோய் உள்ளவர்களுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். சில நிமிடங்கள் கழித்துக் கேட்டால் என்ன பார்த்தோம் என்றே பலரால் சொல்ல முடியவில்லை. ஆனால் சோகம் போகவில்லை. காட்சி மறந்த பிறகும் அந்த வருத்தம் மனதில் இருந்துகொண்டே இருந்தது. நடந்ததைச் சேர்த்து வைக்கும் மூளைப் பகுதி முதலில் பழுதாகிறது. நடந்ததால் வந்த உணர்ச்சி அதையும் தாண்டி நிற்கிறது. கதவருகே நின்ற கணக்கய்யாவிடம் நாங்கள் கண்ணால் பார்த்தது இதைத்தான். பையன் மறந்துபோனான், அவன் வரவில்லை என்பது மறக்கவில்லை.

அடுத்த வாரம் கூட்டம் போட்டேன். இனிமேல் லீவு என்று யாரும் சொல்லக் கூடாது என்றேன். நிர்வாகத்தில் தயங்கினார்கள். பிள்ளைகளும் தயங்கினார்கள், அவர்களுடைய பயம் வேறு. "நான் போறேன்னு சொல்லி அந்தம்மா அழுதா நான் எப்படி சிஸ்டர் போறது?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. அழுதால் கூட இருந்துவிட்டுப் போ என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். யார் விலகினாலும் குறைந்தது ஒரு வாரம் முன்னால் அவரே படுக்கை படுக்கையாகப் போய்ச் சொல்ல வேண்டும். நான் கூடப் போவேன். புதிதாக வருகிறவர் பழையவரோடு சேர்ந்து சில நாள் வேலை செய்ய வேண்டும். நான் ஒரு வாரம் கேட்டேன், நிர்வாகம் மூன்று நாள் கொடுத்தது. மூன்று நாளும் பெரிய விஷயம்தான். போட்டோவை ஒரு மாதம் எடுப்பதில்லை. கீழே ஒரு சீட்டில், எந்தத் தேதியில் விடைபெற்றார் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுகிறோம்.

முதல் தடவை நாங்கள் நினைத்தபடி போகவில்லை. ஒரு அம்மா இரண்டு ராத்திரி கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்துப் படுக்கைகளில் யாருக்கும் தூக்கமில்லை. "இதுக்குத்தான் சொல்லாம இருந்தோம்" என்று இரவு டியூட்டி ஆட்கள் என்னிடம் கோபப்பட்டார்கள். மூன்றாவது நாள் அந்த அம்மா அமைதியாகி, புதுப் பெண்ணிடம், "நீயாச்சும் சொல்லிட்டுப் போவியா?" என்று கேட்டார். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

சொல்லத் தொடங்கிய பிறகுதான், இத்தனை வருடம் அவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கிறது என்பது வெளியே வந்தது. இடுப்பு வலி என்று விலகிய பிள்ளை விடைபெற வந்தபோது, அவள் தினமும் தூக்கித் திருப்பிய ஒரு பாட்டி, சற்று உடம்பு பெருத்தவர், என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் கேட்டார்: "நான் கனமா இருக்கேன்னுதானே போறா?" அதற்கு முந்தைய வருடம் போன இன்னொரு பெண்ணைப் பற்றியும் கேட்டார். அவளும் தன்னால்தான் போனாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வருடமாக, அதனால்தான் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார். எடை குறைகிறது என்று நாங்கள் ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து பார்த்தோமே, காரணம் தட்டிலேயே இருந்திருக்கிறது. "உங்களால இல்லம்மா, ரெண்டு பேர் சேந்து தூக்க வேண்டியதை அவளை ஒருத்தியாத் தூக்க விட்டது எங்க தப்பு" என்று சொன்னேன். மனதறிந்து சொன்ன வார்த்தை அது.

எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிட முடியாது. மறதி நோயில் உள்ள ஒருவர், இறந்துபோன அம்மாவைத் தேடினால், "உங்கம்மா செத்துப் போயிட்டாங்க" என்று ஒவ்வொரு தடவையும் நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ஒவ்வொரு தடவையும் அது புதிய சாவு. "உங்கம்மா எப்படி இருப்பாங்க, சொல்லுங்க" என்று பேச வைப்பேன். கணக்கய்யா கதவருகே நின்றால் இப்போது நாங்கள் யாரும் அவரை உள்ளே இழுப்பதில்லை. ஒருவர் பக்கத்தில் போய் நின்று, "ஒருத்தரைத் தேடுதா அய்யா? அவர் இப்ப இங்க இல்லை. நான் இருக்கேன், வாங்க நடப்போம்" என்று தோளைத் தொட்டு நடத்திக் கூட்டி வருகிறோம். சில நாள் வருவார். சில நாள் நிற்பார். மாத்திரை அளவைப் பழையபடி குறைக்கச் சொல்லி டாக்டரிடம் நானே கேட்டு வாங்கினேன்.

போகிறவர்களோடு போய்விடுகிற இன்னொன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். படுக்கைப்புண் வருமா என்று பார்க்க பிரேடன் அளவுகோல் இருக்கிறது. 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து அதிகம். பேச முடியாத மறதி நோயாளிகளின் வலியை அளக்கவும் அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து 0 முதல் 10 வரை போடுவோம். புதிதாக வந்த பெண் ஒரு தாத்தாவுக்கு 0 போட்டாள். முறைப்படி அது சரிதான். அவர் முனகவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவரை ஐந்து வருடம் பார்த்த எங்கள் மூத்த ஊழியர் பெரியக்கா அந்தப் பக்கமாகப் போகும்போது நின்றாள். "சிஸ்டர், தாத்தா போர்வை நூலை உருவலையே" என்றாள். அவர் நாள் முழுக்கப் போர்வையின் ஓரத்தில் நூலை உருவிக்கொண்டே இருப்பார். வலி வந்தால் அந்த விரல்கள் நின்றுவிடும். பார்த்தால் சிறுநீர்க்குழாய் மடங்கி, வயிறு கல்லாக இறுகியிருந்தது. குழாயைச் சரிசெய்த பத்து நிமிடத்தில் விரல்கள் மறுபடியும் நூலைத் தேடின.

இது எந்த அளவுகோலிலும் இல்லை. அதனால் இப்போது விலகுகிற ஒவ்வொருவரிடமும், தான் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்குகிறேன். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல நானே எழுதுகிறேன். "இடது பக்கமாப் போய்ப் பேசினாத்தான் காது கேக்கும், வெக்கப்பட்டுக்கிட்டு எல்லாத்துக்கும் தலையாட்டிடுவாங்க." "துணி மாத்தும்போது முதல்ல கண்ணாடியைக் கையில குடுத்துடணும், இல்லன்னா அடிப்பாரு." "நைட் லைட்டை அணைக்கக் கூடாது, ஏன்னு கேக்கவும் கூடாது." இப்படி. கேஸ் ஷீட்டின் முதல் பக்கமாக, ரத்த அழுத்தத்துக்கும் முன்னால், அதை வைக்கிறேன்.

பெரியக்காவை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், எனக்கும் முன்னால் இங்கே சேர்ந்தவள். அவள் என்னிடம் ஒரு நாள் கேட்டாள்: "இவங்க போகும்போது மட்டும் நமக்கு யாரு சொல்றா?" எனக்கு முதலில் புரியவில்லை.

அவள் ஆறு வருடம் கவனித்துக்கொண்ட ஒரு அம்மா, அவளுடைய வீக் ஆஃப் நாளில் இறந்துபோனார். மறுநாள் காலை வழக்கம்போல வெந்நீரும் துண்டும் எடுத்துக்கொண்டு அந்தப் படுக்கைக்குப் போயிருக்கிறாள். அங்கே வேறு ஒருவர் படுத்திருந்தார். படுக்கை ஒரு மணி நேரத்தில் சுத்தமாகிவிடும், காத்திருப்போர் பட்டியல் எப்போதும் உண்டு. பெரியக்கா அந்த வெந்நீரிலேயே புதியவருக்கு முகம் துடைத்துவிட்டாள். பிறகு துணி வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைய டியூட்டி சார்ட்டில் நான் அவளுக்கு 11 பேரைப் போட்டிருந்தேன். ஊரறிய அழ உரிமையில்லாத துக்கம் ஒன்று உண்டு என்றும், அது ஆறாமல் உள்ளேயே தங்கும் என்றும் கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-லேயே எழுதினார். பெரியக்கா அந்த அம்மாவுக்கு உறவும் இல்லை, நட்பும் இல்லை. சம்பளத்துக்குப் பார்த்தவள். அவளிடம் யாரும் துக்கம் விசாரிக்கப் போவதில்லை.

படுக்கையை ஒரு நாள் காலியாக வைக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆனால் யார் இறந்தாலும், அவரைக் கவனித்தவர் வீட்டில் இருந்தாலும், நடுராத்திரியானாலும், நான் போன் செய்து சொல்கிறேன். வர நினைப்பவர்கள் வந்து பார்க்கலாம். உடலைப் பின்வாசல் வழியாக எடுத்துப் போவதையும் நிறுத்திவிட்டோம்.

இங்கேயும் ஒரு பொய் இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் எங்கே என்று கேட்டால், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்போம். அந்தப் பொய்யின் விலையை ஒரு பாட்டி கொடுத்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்க ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தோம். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எலும்பு முறிந்த வலியிலும் விடவில்லை. "நான் வரமாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனவங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டார். ஐந்து வருடத்தில் அவர் அறையில் இருந்த மூன்று பேரை நாங்கள் அப்படித்தான் "ஆஸ்பத்திரிக்கு" அனுப்பியிருந்தோம். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது பெரியக்கா. "நான் கூட வரேன், நானே திருப்பிக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லி ஆம்புலன்ஸில் ஏறினாள். அறுவை சிகிச்சை முடிந்து பதினைந்தாம் நாள் பாட்டி திரும்பி வந்தார். ஒவ்வொரு அறையாகப் போய்த் தன்னைக் காட்டச் சொன்னார். காட்டினோம்.

இப்போது யாராவது இறந்தால் அந்த அறையில் உள்ளவர்களிடம் அன்றே சொல்கிறோம். முழு விவரம் சொல்வதில்லை. எப்போது இறந்தார், கூட யார் இருந்தார், இவ்வளவுதான். பெரும்பாலும் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "யாராச்சும் கையைப் பிடிச்சிட்டு இருந்தீங்களா?" அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகவே, கடைசி நேரத்தில் இருப்பவர்களின் பக்கத்தில் ஆள் இருக்குமாறு டியூட்டி சார்ட்டைப் போடுகிறேன். எப்போதும் முடிகிறது என்று சொல்ல மாட்டேன்.

போன மாதம் பெரியக்கா விலகினாள். முழங்கால் இனி ஒத்துழைக்காது. 17 வருடம். ஒரு வாரம் முன்னாலிருந்தே படுக்கை படுக்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கூடப் போனேன். கணக்கய்யா அவளுக்கு ஒரு வெற்றுத் தாளை மடித்துக் கொடுத்து, "கணக்கு சரியா இருக்கு" என்றார். நூல் உருவும் தாத்தாவின் பக்கத்தில் கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தாள். அவளிடமிருந்து மட்டும் 14 பக்கம் எழுதி வாங்கினேன்.

டீச்சரம்மாவின் அறைக்குக் கடைசியாகப் போனோம். அந்த முடி இப்போது காது தாண்டி வளர்ந்திருக்கிறது, பின்ன வரும் அளவுக்கு. கத்தரித்த நாளிலிருந்து அவர் தலைக்குப் பெரியக்காதான் பொறுப்பு. அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றிருந்தவர், முடியை வெட்டிய அன்று நான் உண்மையைச் சொன்ன பிறகு, இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் தாமாகவே பெரியக்காவைக் கூப்பிட்டுச் சீப்பை நீட்டினார். புதிய பெண்ணும் எங்களோடு வந்திருந்தாள். கதவருகிலேயே நின்றாள்.

"போயிட்டு வரேன்மா" என்றாள் பெரியக்கா. பழக்க தோஷம்.

"வரமாட்டேல்ல?" என்றார் டீச்சரம்மா.

"வேலைக்கு வரமாட்டேன்மா."

"அப்ப சரியாச் சொல்லு."

பெரியக்காவுக்கு அந்த வார்த்தை எளிதில் வரவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரம்மாவின் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "போறேன்மா" என்றாள். டீச்சரம்மா வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம் கதவருகே நின்ற பெண்ணைப் பார்த்து, தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினார்.

அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கியது. மூன்று காலாகப் பிரிக்கும்போதே ஒரு கால் நழுவியது. பெரியக்கா உதவப் போனாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். "இன்னும் இறுக்கிப் போடும்மா" என்றார் டீச்சரம்மா. "ராத்திரி தலையணையில உரசி அவிழ்ந்துடும்."